பருந்தின் இறக்கையில் ஒரு நூல்

எலும்பு முறியவில்லை. பறவைகளுக்குச் சிகிச்சை தரும் நிலையத்தின் டாக்டர் இன்று காலை தொலைபேசியில் இதை உறுதிசெய்தார். இடது இறக்கையின் முன்விளிம்பில் தோல் கிழிந்திருந்தது; தையல் போட்டிருக்கிறார்கள். "ரொம்பக் கோபக்காரப் பருந்து சார், என் கையுறையைக் கிழிச்சிடுச்சு" என்றார் இந்தியில். போனை வைத்ததும் உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது.

போன ஞாயிறு காலை யமுனைக் கரையில், நாம் வழக்கமாக நிற்கும் படித்துறையில், பருந்துகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் சற்றுச் சாய்ந்து பறந்தது. வெறும் கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை. கேமராத் திரையில் பெரிதாக்கியபோது, இறக்கையிலிருந்து ஒரு கோடு வெயிலில் மின்னியது. மாஞ்சா. பட்டம் விடுகிறவர்கள் கண்ணாடித் தூள் பூசுகிற நூல். நான் நிமிர்வதற்குள் அந்தப் பருந்து எதிர் அரச மரத்தில் சிக்கித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வீரர்கள் ஏணியோடு வந்து இறக்கினார்கள்.

நூல் படத்தில் விழுந்ததற்குக் காரணம் ஷட்டர் வேகம். பருந்துக்கு அதை 1/3200 நொடிக்குக் கீழே இறக்க நீ விட்டதே இல்லை. 1/500-இல் நான் எடுத்த பழைய படங்களில் இறக்கை நுனி புகையாகக் கரைந்திருக்கும். நூலும் அப்படியே கரைந்துபோயிருக்கும்.

ஒரே பத்திரிகையில் நீ புகைப்படக்காரன், நான் நிருபன். டெல்லி ஜனக்புரியில் பிறந்த உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். இந்த மடலைக்கூட "நீயே வாசிச்சுக் காட்டுலே" என்றிருப்பாய். வீட்டில் கற்ற நெல்லைப் பேச்சில் இந்தியைக் கலந்து, பனிக்காலக் காலையில் அந்தப் படித்துறையில் என்னைப் படுத்தி எடுப்பாய்.

"ஏலே, காத்து முதுகுல படுற மாதிரி நில்லு. அது காத்துக்கு எதிராத்தான் எறங்கும். அப்பதான் மூஞ்சி கிடைக்கும். இல்லேன்னா வாலைத்தான் எடுப்ப."

"எடுத்துட்டேன்."

வாங்கிப் பார்த்தாய். வெறும் வானம், ஓரத்தில் இரண்டு இறகு.

"அச்சா. உன் நியூஸ் மாதிரியேதான் இருக்கு தோஸ்த். பறவை போன அப்புறம் வருது."

டெல்லியின் வெளுத்த வானம் கேமராவை ஏமாற்றும். பருந்து படத்தில் கரித்துண்டாக விழும். அதனால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைப்பாய். ஃபோகஸைக் கட்டைவிரல் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டு, பறவை தொலைவில் புள்ளியாக இருக்கும்போதே பிடித்து, இடுப்பைத் திருப்பியபடி அதன் கூடவே போவாய். படம் எடுத்த பிறகும் திரும்புவதை நிறுத்த மாட்டாய். "நீ நிறுத்தினா அதுவும் நின்னுருமா?"

போன ஆகஸ்டுக்கு முந்தைய ஆகஸ்டில், சுதந்திர தினத்தையொட்டி வானமெங்கும் பட்டமாக இருந்த ஒரு நாள் மாலையில், மேம்பாலத்தில் ஸ்கூட்டரில் போனவரின் கழுத்தை மாஞ்சா அறுத்தது என்று செய்தி வந்தது. பெயர் இல்லை. காவல் நிலையத்துக்கு நான்தான் போன் செய்தேன். எடுத்த காவலர் பெயரைச் சொன்னார். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார். தகப்பனார் பெயர் கேட்டேன். அதையும் சொன்னார். வண்டியின் பெட்டியில் ஒரு கேமரா இருப்பதாகவும் அது உடையவில்லை என்றும், நான் கேட்காமலே சொன்னார்.

அந்தக் கேமராவை உன் மனைவி என்னிடம் கொடுத்தார். நீ வைத்திருந்த அமைப்புகள் எதையும் நான் மாற்றவில்லை. அன்று மதியம் நீ எடுத்த பருந்துகள் அதன் மெமரி கார்டில் இருக்கின்றன. பெரிதாக்கினால், அவற்றின் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நூல்கள். நீ பார்த்தாயா? பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாயா? எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். இதை யாரிடம் கேட்பது?

பறவையின் கண்ணில் ஃபோகஸ் வை என்பாய். நான் இப்போது கண்ணைப் பார்ப்பதில்லை. அதைச் சுற்றியிருக்கும் காற்றைப் பார்க்கிறேன். ஆட்டோ மேம்பாலம் ஏறும்போது என் தலை தானாகக் குனிகிறது. "என்ன ஆச்சு பாய்சாப், மேலே ஏதாவது விழுதா?" என்று ஓட்டுநர் ஒருவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

டாக்டர் இன்று இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை தையலைப் பிரித்துவிட்டு, பெரிய கூண்டில் பறக்கவிடப் போகிறார்கள். இரண்டு இறக்கையும் ஒரே அளவு உயர்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாதாம். "நீங்கதானே அந்த நூலைப் பிடிச்சது? கேமராவோட வாங்க" என்றார். கூண்டில் வெளிச்சம் குறைவு. கேமராவின் ஒளியுணர்வு எண்ணான ஐஎஸ்ஓ ஏறும், படம் மணல் மணலாக வரும். வரட்டும். ஷட்டர் வேகத்தை நான் குறைக்கப்போவதில்லை.

இறக்கைகள் சமமாக உயர்ந்தால் அன்றே கூரையைத் திறந்துவிடுவார்கள். இல்லையென்றால் அது மிச்ச காலம் முழுவதும் கூண்டில்தான். பறக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் தெரியும்.