சொன்னால் வந்துவிடுவான்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இதை நின்றுகொண்டு படிக்காதே, எங்காவது உட்கார். உன்னோடு வேலை பார்த்த போட்டோக்காரர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் உனக்கு முன்னால் வேறு யாராவது பிரித்துப் படித்துவிடுவார்கள்.

அப்பா போய்விட்டார். போன வாரம். அடக்கமும் முடிந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். கொஞ்சம் பொறுத்துக் கேள்.

ஆலையில் கொதிகலன் வெடித்து ஆட்கள் செத்தபோது, பழுது முதலாளிக்கு முன்பே தெரியும் என்று பத்திரிகையில் எழுதினாய். ஆலையை இழுத்து மூடினார்கள். அப்பாவுக்கும் உன் அத்தானுக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. “சோறு போட்ட கையை ஒடிச்சிட்டியேடா” என்றார் அப்பா. “அந்தச் சோத்தைச் சம்பாதிச்சது யாரு கைப்பா?” என்று நீ கேட்டாய். அதுதான் நீங்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு. பிறகு, தொழிற்சங்கத் தலைவரும் அந்தப் பழுதைத் தெரிந்தே மறைத்தார் என்று எழுதினாய். உன் தோழர்களே உன்னைத் துரோகி என்றார்கள். எழுதியதற்காக உன்மேல் தேசத்துரோக வழக்கு வந்ததும் நாட்டின் எல்லை தாண்டிவிட்டாய். நாங்கள் இதே தெருவில், ஆலைக்குப் பூட்டுப் போட்டவன் வீடு என்ற பெயரோடு இருக்கிறோம்.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு, பொது வார்டில் சேர்த்திருந்தோம். வராந்தா பெஞ்சில் சாதா உடுப்பில் ஒரு போலீஸ்காரர் தினமும் வந்து உட்கார்ந்தார். “பெத்த பிள்ளைக்குக்கூட இவ்வளவு அக்கறை இருக்காது, ஒருநாள் தவறாம வர்றான் பாரு” என்று அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

டாக்டர் கைவிரித்த அன்று உன்னோடு பேசப் போனை எடுத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “சின்னவனுக்குச் சொல்லாதம்மா. சொன்னா வந்துடுவான். வந்தா இவனுங்க விடமாட்டானுங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லு” என்றார். இத்தனை வருஷத்தில் உன்னைச் சின்னவன் என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கடைசியாக அவன் முகத்தைப் பார்க்க வேண்டாமா என்றேன். “பாக்காத முகமா?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொடத் துணியவில்லை.

அடக்கத்தன்று தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. பாடையைத் தூக்க ஆளில்லாமல் அத்தானும் போட்டோக்காரரும் திகைத்து நின்றபோது, வெடிவிபத்தில் இறந்த கொதிகலன்காரரின் மனைவி தன் கொழுந்தன்மார் இருவரோடு வந்து நின்றாள். “எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு வேலை பாத்தாருன்னு கம்பெனி சொல்லிச்சு. சங்கமும் வாயை மூடிக்கிச்சு. இல்லைன்னு எழுதினது உங்க தம்பி ஒருத்தர்தான்” என்றாள். அவர்கள்தான் தோள் கொடுத்தார்கள். போலீஸ்காரர்கள் வாசலில் நின்று, உள்ளே வந்த ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தார்கள். அவர்கள் யாரைத் தேடினார்களோ அவனையேதான் நானும் தேடினேன். வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

அத்தான் மாறவில்லை. உன் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை.

நீ எழுதியது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எழுதாமல் உன்னால் இருக்க முடியாது என்பது மட்டும் தெரியும். வேளைக்குச் சாப்பிடு. அழுகை வந்தால் அடக்காதே. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு அழு.

எனக்கும் வயதாகிறது, தம்பி. நாளைக்கு எனக்கு ஏதாவது என்று யார் வந்து சொன்னாலும் நம்பாதே. நம்பினாலும் வராதே. நீ எங்கேயோ உயிரோடு இருக்கிறாய் என்ற நினைப்பு எனக்குப் போதும்.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அக்கா