ஏர்பேக் மூடிமேல் பிள்ளையார்

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வசந்தி பிழைத்துவிட்டாள். தோளில் பெல்ட் அழுத்திய கன்றல் மட்டும்தான். காலையில் மேரு சாலையில் முன்னால் போன லோரி சட்டென்று நிற்க, அவள் கணவர் ஓட்டிய காடி அதன் பின்னால் மோதி, ஏர்பேக் விரிந்தது.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் அந்தப் புதுக் காடிக்குப் பூசை. தன் இருக்கைக்கு நேர் எதிரே, ஏர்பேக் மூடியின் மேல், கல் பிள்ளையாரை ஒட்டினாள் வசந்தி. மாமியார் வீட்டாரிடம் நான் அதிகம் பேசுவதில்லை. அன்று பேசினேன்.

"மோதினா பை இந்த மூடியைத் திறந்துக்கிட்டு வரும். கல்லு உன் முகத்துலதான் அடிக்கும். பெல்ட்டையும் போடு. அது உன்னைப் பிடிச்சு வச்சாத்தான் பை உதவும்."

"அண்ணி யுனிவர்சிட்டியில படிச்சவங்க லா, சாமிக்கே இடம் காட்டுறாங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை. பிள்ளையார் வீட்டுப் பூசை அறைக்குப் போனார்.

இன்று கிள்ளான் மருத்துவமனையில் மாமியார், "பிள்ளையார்தான் காப்பாத்துனாரு," என்று கண்ணைத் துடைத்தார். நான் மறுக்கவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அது வாதாடும் நேரமும் இல்லை.

கிளம்பும்போது வசந்தி என் கையைப் பிடித்தாள். "அண்ணி, அடுத்த காடியில பிள்ளையாரை எங்க வைக்கட்டும்?"

"வீட்டுலயே இருக்கட்டும். நீ பெல்ட்டைப் போடு."

"அன்னைக்கிலருந்து தினமும் போடுறேன், அண்ணி."

யாரும் சிரிக்கவில்லை. பெருமையாக இருக்கிறது. இதை என் கணவரிடம்கூடச் சொல்லப்போவதில்லை.