கிளினிக் கணினியின் பெயர்

புதன். காலையில் மழை, பிறகு புழுக்கம்.

பாடாங் மேஹா எஸ்டேட் கிளினிக். கூலிமிலிருந்து மோட்டார் சைக்கிளில். வேலை: பழைய கணினியில் டேட்டாபேஸ் சர்வர் ஏற்றுவது. அது ஓடினால்தான் நோயாளிப் பதிவு திறக்கும். வாரம் ஒருமுறை வரும் டாக்டரம்மா சொல்லிவிட்டார்: ஞாயிறுக்குள் பதிவு திரையில் வராவிட்டால் இனி வரமாட்டார். பழைய நோயாளி அட்டைகளை நம்பி ஊசி போட அவருக்குப் பயம். நியாயம்தான். அலமாரியில் அட்டைகளைவிடக் கரையான் அதிகம்.

விண்டோஸ் செவன். மாற்றவும் முடியாது, இ.சி.ஜி. கருவி இதோடு மட்டும்தான் ஒத்துப்போகும். புதுசு வாங்க பட்ஜெட் இல்லையாம். மேனேஜர் பங்களாவில் மட்டும் புது ஏர்கோன்.

சர்வர் கடைசிப் படி வரை ஏறுகிறது. தொடங்கச் சொன்னால் செத்துப்போகிறது.

மருந்து கொடுக்கும் டிரசர் சிவநேசன், தன் அப்பாவுக்குப் பிறகு அதே நாற்காலியில் இருப்பவர்: "என்ன தம்பி, காலேஜ்ல படிச்சது இவ்வளவுதானா?"

"கம்ப்யூட்டர் பழசு சார்."

"நானும் பழசுதான் லா. ஓடலையா?"

வியாழன். நல்ல வெயில்.

முயன்றவை: சர்வீஸ் பேக். விடுபட்ட துணைக் கோப்புகள். ஆன்டிவைரஸை நிறுத்துவது. சர்வரின் பழைய பதிப்பு. எல்லாம் அதே இடத்தில் சாவு. போனுக்கு லைன் ரம்புத்தான் மரத்தடியில்தான் கிடைக்கிறது. டவுன்லோட் முழுக்க அங்கே, எறும்புகளோடு.

கணினி மேல் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து கிடந்தது. துடைக்கப் போனேன். கிளினிக் உதவியாளர் பரமேஸ் அக்கா பால் விடாத தே ஓ தேநீர் கிளாஸை வைத்துவிட்டுத் தடுத்தார்.

"அது எங்கம்மா தம்பி."

அக்காவின் அம்மா பெயர் செல்லம்மா. பென்சிலின் ஒத்துக்காது. காய்ச்சலோடு வந்த அன்றைக்கு அவர் அட்டை கிடைக்கவில்லை. டிரசருக்குப் பதில் வந்த மாற்று ஆள் அதே ஊசியைப் போட்டார். அவ்வளவுதான். பிறகு எஸ்டேட் லயத்து வீட்டு ஆட்கள் காசு சேர்த்து இந்தக் கணினியை வாங்கினார்கள், அட்டையெல்லாம் இதில் ஏற வேண்டும் என்று. தமிழ்ப்பள்ளி வாத்தியார் இதற்குச் செல்லம்மாவின் பெயரையே வைத்தார்.

யாரும் எதையும் ஏற்றவில்லை. டிரசர் இதில் சீட்டாடினார்.

கெட்ட வார்த்தை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

வெள்ளி. இங்கே வார லீவு.

வீட்டில். சர்வரை ஏற்றும்போது திரையில் வந்த குறிப்புகளைப் போனில் எடுத்து வந்திருந்தேன். சர்வர் தன் பிழைக் கோப்புக்குக் கணினியின் பெயரையே வைக்கும். பெயர் வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

புரிந்தது. வாத்தியார் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைத்திருக்கிறார். இந்தச் சர்வருக்கு அதை வாசிக்கத் தெரியாது, தன் கோப்பையே தன்னால் திறக்க முடியவில்லை. பெயரை மாற்றினால் ஓடும்.

என் அம்மா: "லீவு நாள்லயும் கையில போன்தானா? துணியக் காயப்போடு."

காயப்போட்டேன். பரமேஸ் அக்காவிடம் எப்படிச் சொல்வது?

சனி. மூட்டம்.

சொன்னேன். அக்கா தரை கூட்டுவதை நிறுத்தவில்லை.

"இங்கிலீஷ் எழுத்துல செல்லம்மான்னு போடலாம்க்கா."

"அம்மாவுக்கு அந்த எழுத்தே தெரியாது. வேணாம். கிளினிக்னு போடு." குப்பையை அள்ளிக்கொண்டே: "உள்ளுக்குத் தமிழ் எழுதினா ஏத்துக்குமா?"

"உள்ளுக்கு ஏத்துக்கும்க்கா."

பெயர் மாற்றம். மறுதொடக்கம். சர்வர் ஓடியது. கைதட்ட யாருமில்லை. டிரசர் கொட்டாவி விட்டார்.

அக்கா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி முதல் பதிவு.

டிரசர் எட்டிப் பார்த்தார். "செத்தவங்க பேர ஏன் போடுற?"

"டாக்டர் முதல்ல இதப் பாக்கட்டும் சார்."

பிறகு அட்டைகள். கரையான் விட்டுவைத்ததை நான் வாசிக்க, அக்கா ஏற்றினார். பாதிகூட முடியவில்லை.

ஞாயிறு. விடாத மழை.

டாக்டரம்மா வந்தார். பதிவைத் திறந்தார்.

செல்லம்மா. ஒவ்வாமை: பென்சிலின். நிலை: இறந்துவிட்டார்.

"யார் இது?"

டிரசர் மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்கம்மா, டாக்டர்," என்றார் அக்கா.

டாக்டரம்மா பதிவை இன்னொரு முறை வாசித்தார். முதல் ஆளைக் கூப்பிட்டார். எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டும் ஆறுமுகம் அண்ணன், முள் குத்திக் கால் வீங்கியிருந்தது. ஊசி மருந்தை எடுக்கப்போன டாக்டரின் கை நின்றது.

"அண்ணே, எந்த மருந்தாவது ஒங்களுக்கு ஒத்துக்காதா?"

அண்ணன் டிரசரைப் பார்த்தார், பிறகு டாக்டரை.

"தெரியலையே டாக்டர். இங்க யாரும் கேட்டதில்லையே."