இரண்டு பெட்டியிலும் ‘கே’

கூப்பிடாமலே என் பட்டறைக்குள் வந்து, உட்காராமலே குறை சொல்லிவிட்டுப் போகும் அக்காவுக்கு,

உன் காரை நேற்று முடித்துவிட்டேன். பின்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட்டாயிற்று. நீ கேட்டு மூன்று வருடம், நீ போய் எட்டு மாதம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நீ கேட்ட நாள் நினைவிருக்கிறதா? லாபிஸிலிருந்து சிகாமட் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும்போது ரோட்டில் வெள்ளம். தண்ணீரைத் தாண்டி வந்து பிரேக்கை மிதித்திருக்கிறாய். அன்று சாயங்காலம் நர்ஸ் உடுப்போடு நேராக இங்கே வந்து நின்றாய்.

“காரு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயி செம்பனைப் பழம் ஏத்துன லோரி பின்னால நின்னுச்சுடா. ஒரு சாண்தான் இருந்துச்சு.”

“பின்னால டிரம்முக்குள்ள தண்ணி பூந்திருக்கும்க்கா. காஞ்சா சரியாயிடும் லா.”

“காயற வரைக்கும் லோரி ஒதுங்கி நிக்குமா? டிஸ்க்கு போட்டுக் குடு.”

“அப்புறம் பாக்கலாம்.”

டிரம் பிரேக் மூடிய சட்டி. உள்ளே போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வராது. டிஸ்க் திறந்த தட்டு; சுற்றும்போதே உதறிவிடும். இது எனக்குத் தெரியாததா? பழைய காரின் பின் அச்சைப் பிரித்து மாற்றுவது பெரிய வேலை. சொந்தக்காரர் வண்டிதானே, கடைசியில் பார்க்கலாம் என்ற புத்தி.

நீ சும்மா இருக்கவில்லை. பழைய கார்களை வெட்டி விற்கும் கடையைத் தேடி குளுவாங்குக்கே போய், வேண்டிய சாமான்களை வாங்கி வந்து என் அலமாரியில் வைத்தாய். அதற்குப் பிறகு புற்றுநோய் உன்னைப் படுக்க வைத்துவிட்டது.

இப்போது உன் மகள் நித்யாவுக்கு அதே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. உன் காரில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அடுத்த வாரம் சேர வேண்டும், மழையும் தொடங்கிவிட்டது. அதே ரோடு, அதே பிரேக். உன் பெட்டிகளை எடுத்தேன்.

இரண்டு பெட்டி. ஒவ்வொன்றிலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் ஒன்று. இரண்டு பெட்டியின் மேலும் உன் கையெழுத்தில் ‘கே’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. மலாயில் இடது கிரி, வலது கானான். இரண்டும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகிறது என்று உனக்குத் தோன்றவே இல்லையா? ஒரு பெட்டியில் மட்டும் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கோடு. டிஸ்க் படம் போட்டு என்னைக் கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன்.

கைக்கு வந்ததை மாட்டினேன். ஹேண்ட் பிரேக் கேபிள் ஒத்து வரவில்லை. வளைத்து இழுத்துப் பூட்டினேன். அப்போதே புரிந்திருக்க வேண்டும். நித்யா பெடலை மிதிக்க, நான் கீழே படுத்துக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றினேன். மறுபடியும் மறுபடியும்.

“மாமா, இன்னும் பஞ்சு மாதிரி உள்ள போகுது.”

ஒரு போத்தல் பிரேக் எண்ணெய் தீர்ந்தது. எனக்கு உன்மேல் கோபம் வந்தது. ஒன்றும் தெரியாமல் எதையோ வாங்கி வைத்துவிட்டாய் என்று வாய்விட்டே திட்டினேன். அவள் காரிலிருந்து இறங்கினாள்.

“அம்மாவ ஏசாதீங்க மாமா.”

மறுபடியும் போய்க் கீழே படுத்தேன். காற்று மேலேதான் ஏறும். அதை வெளியே விடும் திருகும் மேலே இருக்க வேண்டும். இரண்டு காலிப்பரிலும் அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டியிருக்கிறேன். இருபது வருட மெக்கானிக்!

கழற்றி மாற்றினேன். இந்தமுறை கொஞ்ச நேரத்திலேயே பெடல் உறுதியாக நின்றது. பிறகுதான் இடது காலிப்பர் இருந்த பெட்டியைத் தேடி எடுத்தேன். வட்டம் போட்ட பெட்டி. அது டிஸ்க் இல்லை, அக்கா. கைக்கடிகாரம்.

பள்ளிக்கூடத்து அணிவகுப்பில் “கிரி! கானான்!” என்று வாத்தியார் கத்தும்போது நான் மட்டும் மறுபக்கம் திரும்பி அடி வாங்குவேன். நீ காலையில் என் மணிக்கட்டில் பேனாவால் ஒரு வட்டமும் இரண்டு முள்ளும் வரைந்து அனுப்புவாய். “கெடிகாரம் இருக்கிற கைதான்டா கிரி.” நான் மறந்துவிட்டேன். இத்தனை வயதாகியும் எனக்கு இடது வலது குழம்பும் என்பதை நீ மறக்கவில்லை. அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நித்யா பார்த்துவிட்டாள், பார்க்கட்டும்.

இன்று காலை செம்பனைத் தோட்டத்து ரோட்டில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் அவள் காரை இரண்டுமுறை இறக்கி ஏற்றினாள். கரையேறியதும் பிரேக்கை மிதித்தாள்.

“நேரா நிக்குது மாமா.”

நீயும் ஒருமுறை மிதித்துப் பார்த்திருக்கலாம். என்னால்தான் அது இல்லாமல் போயிற்று. படுக்கையில் கிடந்த நாட்களில் காரைப்பற்றி நீ ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. என்னை மன்னித்ததாலா, கேட்டுப் பயனில்லை என்று விட்டதாலா?

ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும், நித்யா கேட்பதற்கு முன்பே, அவள் காரின் நான்கு சக்கரத்தையும் நானே கழற்றிப் பார்ப்பேன். ‘அப்புறம் பாக்கலாம்’ என்று அவளிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இடது மணிக்கட்டில் பேனாக் கடிகாரத்தோடு,
உன் தம்பி
சேகர்