பாட்டிலில் சுருங்கிய முகம்

மாதிரிக்கு வந்த பாட்டில் இன்னும் என் கம்ப்யூட்டர் மேசையில்தான் நிற்கிறது, தவமணி. அதில் உன் முகம் இருக்கிறது. கன்னம் ஒட்டி, தாடை கூராகி, கண் இரண்டும் மூக்கை நெருங்கி, பார்க்கிறவர்கள் யாரோ வயதான அம்மா என்று நினைத்துக்கொள்வார்கள். எடுத்து அலமாரியில் வைக்கக் கை வரவில்லை. சத்துவாச்சாரி வெயில் ஜன்னல் வழியாக அதன்மேல் விழும்போது மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன்.

நீ இருந்தவரை பேப்பர் லேபிள்தான். ஒட்டினால் ஒட்டினபடி நிற்கும். இப்போது உன் வீட்டுக்காரர் கண்ணாடி பாட்டிலை விட்டுவிட்டு பிளாஸ்டிக்குக்கு மாறுகிறார். அதற்கு ஸ்லீவ். சட்டை மாதிரி பாட்டிலுக்கு மாட்டி நீராவியில் காட்டினால், சுருங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பாட்டில் இடுப்பு ஒடுங்குகிற இடத்தில் படமும் ஒடுங்கும். அதனால் படத்தை முதலிலேயே அகலமாக இழுத்து வைத்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். எனக்கு ஸ்லீவ் வேலை புதிது. போயும் போயும் உன் முகத்தைக் கொண்டுபோய் அந்த இடுப்பில் வைத்துவிட்டேன்.

நாம் இருவரும் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்த காலத்தில், கோடையில் கேன்டீனில் பன்னீர் சோடா விற்பார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு நீ முகத்தைச் சுளித்தாய். "இன்னாடி இது, சோப்ப கரைச்சிக் குடுத்த மாரி கீது." அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நான் கம்பெனியை விட்டு டிசைன் படித்து இங்கே கடை போட்டேன். அதற்குப் பிறகுதான் உன் வீட்டுக்காரர் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பை மூடினார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு சோடா போடலாம் என்று சொன்னவள் நீ.

எத்தனை முறை கலந்து கலந்து கொட்டினாய். "பன்னீர் ஜாஸ்தியானா சோப்பு. கம்மியானா வெறும் சக்கரத் தண்ணி. நடுவுல ஒரு எடம் கீதுடி, அது நாக்குக்குத்தான் தெரியும்" என்பாய். அந்த இடம் உன் நாக்குக்குத் தெரிந்தது. எவ்வளவு கழுவினாலும் உன் கையை விட்டு வாசம் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், எந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறாய் என்று கேட்பார்கள். நீயும் வாய்க்கு வந்த ஊரில் ஒரு கல்யாணத்தை நடத்திச் சொல்லுவாய்.

முதல் லேபிளுக்காக என் கடைக்கு மூன்று பேராக வந்தீர்கள். நீ, அவர், உன் மாமனார். நான் ரோஜாப்பூ ஒன்றைப் போட்டு 'தவமணி பன்னீர் சோடா' என்று எழுதி வைத்திருந்தேன். நீதான் அப்படிப் போடச் சொல்லியிருந்தாய். மாமனார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பொம்பள பேர பாட்டில்ல போட்டு ஊரெல்லாம் அனுப்புவாங்களா? கண்டவனும் குடிச்சிட்டு சாக்கடையில வீசுவான். நம்ம வூட்டுப் பொண்ணு பேரு சாக்கடையில கெடக்கணுமா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உன்மேல் அக்கறையோடுதான் சொன்னார். உன் வீட்டுக்காரர் என் கடை ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மாமனார் பேரின் முதலெழுத்துகளையே பெரிதாகப் போட்டோம். அவை சாக்கடையில் கிடந்தால் பரவாயில்லை போலிருக்கிறது. படியிறங்கும்போது நான் முறைத்ததைப் பார்த்து நீ என் கையைக் கிள்ளினாய். "வுட்றீ. செத்தா போட்டோவாவது மாட்டுவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மார்கழியில் ஈரல் கெட்டுவிட்டது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்தாய். மாசியில் போய்விட்டாய். கடைசி வாரம் உன்னைப் பார்க்க வந்தபோது, வார்டில் எந்தக் கட்டில் உன்னுடையது என்று ஒரு நிமிஷம் தெரியாமல் நின்றேன்.

காரியம் முடிந்த கையோடு உன் வீட்டுக்காரர் உன் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கல்யாணத்தில் எடுத்த படம். இருவரும் சேர்ந்து நிற்பது. "இனிமே இந்த முகம்தான்மா நம்ம ட்ரேட்மார்க்கு. என்னை எடுத்துட்டு அத மட்டும் போடுமா. கொஞ்சம் கலர் ஏத்து" என்றார். கலரெல்லாம் ஏற்ற முடியாது அண்ணா என்றேன். சரி என்றார். படத்துக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'அம்மாவின் ஆசியுடன்.' நான் வாங்கி வைத்தேன். ஆனால் அன்றைக்கே எனக்குள் எரிய ஆரம்பித்துவிட்டது.

மாதிரி பாட்டில் வந்ததும் அவரைக் கூப்பிட்டேன். வந்து கையில் எடுத்துப் பார்த்தார். மெல்லத் திருப்பினார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கடைசியா இப்படித்தாம்மா இருந்துச்சு" என்றார்.

அவர் அழுததை நான் அதுவரை பார்த்ததில்லை. உன் சாவு வீட்டில்கூட வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மனிதர். சரிசெய்துவிடலாம் அண்ணா என்று சொல்லி, கம்ப்யூட்டரில் உன் முகத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினேன். ஸ்கிரீனில் நீ இட்லி மாதிரி உப்பிப்போனாய். பாட்டிலில் ஏறினால் சரியாக இருக்கும் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"அண்ணா, கீழ அது பேரப் போடலாம். தவமணின்னு."

"ஆசியுடன்னு இருக்குதே."

"அது ஆசி குடுக்கலண்ணா. சோடா போட்டுச்சு."

அவர் முகம் மாறிவிட்டது. "அப்பா ஒத்துக்க மாட்டாரு. உனக்குத் தெரியாததா?"

"மூஞ்சி சாக்கடையில கெடக்கலாம், பேரு கெடக்கக் கூடாதா?"

கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகு தெரிந்தது. அவர் பாட்டிலை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். அப்பாவிடம் நான் கேட்டதைச் சொன்னாராம். முதலெழுத்தே சாக்கடையில் கிடப்பதைப் பெரியவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லையோ என்னவோ, மருமகள் முகம் அங்கே கிடக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. முகமும் வேண்டாம், பேரும் வேண்டாம், பழைய லேபிளையே ஸ்லீவுக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். "நீ சொன்னது நியாயம்தாம்மா" என்றார் உன் வீட்டுக்காரர். நான் சொன்னது அதுவல்ல என்று விளக்கப் பார்த்தேன். கோடை பிறந்துவிட்டது, கடைக்காரர்கள் பேஜார் பண்ணுகிறார்கள், சீக்கிரம் அனுப்புமா என்று வைத்துவிட்டார். அன்றைக்கே மாற்றி அனுப்பினேன். ரோஜாப்பூவையும் அந்த எழுத்துகளையும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தேன். அவை ஒரு சுருக்கமும் இல்லாமல் பாட்டிலில் அழகாக உட்கார்ந்திருக்கின்றன.

ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் லோடு போக ஆரம்பித்துவிட்டது. என் தெருமுனைக் கடையிலும் இருக்கிறது. வாங்கிக் குடித்தேன். நீ பிடித்து வைத்த அந்த நடு இடம் தப்பவில்லை. உன் மகள்தான் இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கலவையை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்கிறாளாம்.

நேற்று அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, பாட்டில்ல அம்மா போட்டோ வரும்னு அப்பா சொன்னாரு. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்ட்டேன். இன்னா ஆச்சு?"

உன் பேரைப் போட வேண்டும் என்று நான் சண்டை போட்ட கதையைச் சொன்னேன். அது எப்படி முடிந்தது என்பதையும் சொன்னேன். உன்னைச் சும்மா ஒரு சாமி படமாக்க எனக்கு மனம் வரவில்லை என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேரு எனக்கே தெரியுமே ஆன்ட்டி. ஆஸ்பத்திரிக்கு முன்னாடி இருந்த மூஞ்சிதான் மறந்துட்டே வருது."

தவமணி, உனக்காகத்தான் கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் கேட்காமல் இருப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் கடையில் யாராவது அந்த பாட்டிலைத் திறக்கிற சத்தம் கேட்டால், எனக்குக் கேட்பது உன் மகளின் குரல்தான்.