பச்சைக் கன்னம்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, படத்தில் உங்கள் காதோரம் பிளேடால் சுரண்டினேன். நகக்கண் அளவுக்குத்தான். மேலே இருந்த மாநிறம் உரிந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு அடியிலிருந்த பச்சையும் வந்துவிட்டது. பிறகு வெறும் பலகை.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இயந்திரங்களுக்கு வண்ணம் அடித்தீர்கள். நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஓவியப் புத்தகத்தை ஒரு மாதம் புரட்டினீர்கள். பிறகு டப்பாக்களின் அடியில் மிஞ்சியதைக் கொண்டுவந்து, பெட்டிப் பலகையில் உங்களையே வரைந்தீர்கள். கன்னத்துக்கு லேத் மிஷினுக்கு அடிக்கும் பச்சை. நெற்றிக்குத் துருச் சிவப்பு. முகம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு பாதி நேராகவும் மறுபாதி பக்கவாட்டிலும் இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நேரா பாக்கறது ஊருக்கு. நீ அடுப்பாண்ட நிக்கறப்போ திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு இருக்கேன்ல, அது இந்தப் பக்கம். ரெண்டும் நான்தான்."

நீங்கள் போய் வருஷம் திரும்பியபோது, மாலை போட வேறு படம் இல்லை. கல்யாண போட்டோவைக் கரையான் தின்றிருந்தது. உங்கள் அக்கா பலகையைப் பார்த்து அழுதார். "இந்தப் பச்சை மூஞ்சிக்கா மாலை போடுவே? என் தம்பி இன்னா பேயா?"

கவரைப்பேட்டையில் லாரிக்குப் பெயர் எழுதுகிறவரை அவரே கூட்டிவந்தார். அந்த மனிதர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரெண்டு ஆளை ஒட்டவச்ச மாதிரி கீது! சரி, நேராக்கிடலாம். எந்தக் கண்ணு அண்ணனோடது?"

அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தவள் நான். இரண்டு கண்ணும் உங்களுடையதுதான் என்று சொல்லியிருக்கலாம். வீடு நிறைய ஆட்கள், களைப்பு. "இடது கண்" என்றேன்.

நேராகப் பார்ப்பது அது. மற்றதன் மேல் அவர் மாநிறம் அடித்து, புதிதாக ஒரு கண் வைத்து, மீசையைச் சமமாக்கினார். "இப்பதான் என் தம்பி" என்று உங்கள் அக்கா படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இருவருக்கும் காப்பி கொடுத்தேன்.

மூன்று வருஷமாக அந்த முகத்துக்கு மாலை போடுகிறேன். கண்ணை மூடினால் இப்போது அதுவே வருகிறது. திரும்பிப் பார்க்கிற உங்களுக்காக அடுப்பருகே வெறுமனே நின்றுகூடப் பார்த்துவிட்டேன். வருவதில்லை. அடியில் எங்கோ இருப்பீர்கள் என்று இன்று காலைவரை நினைத்திருந்தேன். நான் சொன்ன இரண்டு சொல் மட்டும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த வாரம் திதி. படையல் முடிந்ததும் படத்தைத் துணியில் சுற்றி உங்கள் அக்காவிடம் கொடுத்துவிடப் போகிறேன். அது அவருடைய தம்பி, அவரிடமே இருக்கட்டும். இங்கே சுவரில் இனி எதையும் மாட்டமாட்டேன். பிள்ளைகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.