பளையில் வாங்கிய பழுதான கமரா

புரட்டாதி, சனிக்கிழமை இரவு

பளையில் கலியாண வீடியோ எடுக்கும் ஒருவர் பழைய கமராவை மலிவாக விற்கிறார் என்று கேள்விப்பட்டு, காலையில் பஸ் ஏறினேன். ஒளிப்பதிவு பழக, ரோ (raw) வீடியோ எடுக்கக்கூடிய ஒன்றை மாதக்கணக்காகத் தேடுகிறேன். என் கைக்கு எட்டும் விலையில் கண்டது இதுதான்.

"இது பழுது தங்கச்சி. நிறமே வராது. எல்லாம் சாம்பலாத் தெரியுது," என்றார்.

போட்டுப் பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. ரோவில் எடுத்தால் படம் அப்படித்தான் வெளிறி இருக்கும். நிறத்தைப் பிறகு கணினியில் நாம்தான் கொண்டுவர வேண்டும். மணமக்கள் தலையில் ரோசாப்பூக் கொட்டும் படங்களால் சுவரை நிறைத்து வைத்திருக்கிற மனிதருக்கு இது தெரியவில்லை. "உங்களுக்கு உதெல்லாம் ஏன், போனிலயே எடுக்கலாமே," என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார். அறிய முயலாத ஆளுக்குக் கமரா எதற்கு என்று மனதுக்குள் சிரித்தேன்.

அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். "உண்மையாப் பழுதோ பிள்ளை? இதை வாங்கினாப் பிறகுதான் இவருக்கு ஒருத்தரும் வேலை குடுக்கினமில்லை."

"ஓம் அக்கா, பழுதுதான்," என்றேன்.

கணவர் விலையை இன்னும் குறைத்தார்.

வீட்டிலும் பழுது என்றே சொன்னேன். பிறகு அம்மாவின் முகத்தை எடுத்து, நிறம் கொடுத்துக் காட்டினேன்.

"பழுதெண்டு சொன்னாய். இவ்வளவு வடிவா இருக்கு?"

"நான் திருத்திப்போட்டன்," என்றேன்.

உருத்திரபுரத்துச் சித்திக்குப் போன் எடுத்து, என் கெட்டித்தனத்தை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.